உறுதிகளை வாசித்த ஆசிரியர்
ஹரி எவிசனும் ஙாய் தாஹு மக்களின் காணி வரலாறும்

2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமைக்கு முன்னர், கிறைஸ்ட்சேர்ச் என்பது நம்மில் பலருக்கு ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பெயர் மட்டும்தான். அன்று ஜும்ஆ வேளையில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நாம் வேறொரு தொனியில்தான் சொல்லி வருகிறோம். அந்த நாட்களில் மாவோரி இளைஞர்கள் தெருவில் நின்று ஹக்கா ஆடி அஞ்சலி செலுத்திய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். நியூசிலாந்தில் வேலை செய்யும் என் மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன், யார் இவர்கள் என்று.

"மாமா, இங்க எந்தப் பெரிய கூட்டம் நடந்தாலும் இந்த மண்ணின்ட ஆக்கள்தான் முதல்ல வந்து வரவேற்புச் சொல்லணும். கிறைஸ்ட்சேர்ச்சுக்கு அது ஙாய் தாஹு ஆக்கள்" என்றான்.

நான் இளைப்பாறிய வரலாற்று ஆசிரியன். 'மண்ணின்ட ஆக்கள்' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. அவன் லீவில் வந்தபோது ஹரி எவிசன் என்பவரின் புத்தகங்களைக் கொண்டுவந்து தந்தான். அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. எவிசனும் ஓர் ஆசிரியர் என்று அறிந்தபோது, உள்ளதைச் சொன்னால், வாசிக்கும் ஆர்வம் இரட்டிப்பானது.

பெயரைப் பற்றி ஒரு சிறு விஷயம். 'ங' என்ற எழுத்தை நாம் அரிச்சுவடியில் படித்ததோடு சரி. அதில் தொடங்கும் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. மாவோரி மொழியில் அது தாராளமாகச் சொல்லுக்கு முதலில் வரும். ஆங்கிலேயருக்கு நாக்குப் புரளாத அந்தப் பெயரைத் தமிழில் உள்ளபடி எழுதிவிடலாம்: ஙாய் தாஹு. தென்பகுதியில் அந்த 'ங'வைக் 'க'வாகச் சொல்வதால் காய் தாஹு என்றும் வழங்கும். நியூசிலாந்தின் தென்தீவில் மிகப் பெரும்பகுதி இவர்களுடைய பாரம்பரிய நிலம். அத்தீவை அவர்கள் தெ வாய் பௌனமு, அதாவது பச்சைக்கல்லின் நீர்கள், என்பார்கள்.

ஹரி சார்ல்ஸ் எவிசன் 1924இல் பிறந்தவர், வெள்ளையர். மாவோரிகள் அல்லாத வெள்ளையரை அங்கே பாக்கெஹா என்பார்கள். பாடசாலை ஆசிரியராகவும், பின்னர் கிறைஸ்ட்சேர்ச் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராகவும் உழைத்தவர். 1952இல், அன்றைய கென்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரியில் முதுமாணிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதினார். தலைப்பு, கென்டர்பரி மாவோரிகளின் வரலாறு, காணிப் பிரச்சினையைச் சிறப்பாக நோக்கி.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். காணிப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1944இல் சட்டம் ஒன்று இயற்றி, வருடத்துக்கு 10,000 பவுண் வீதம் 30 வருடங்களுக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்துக் கோப்பை மூடியிருந்தார்கள். ஊர்களில் கூடிப் பேசி மக்கள் மனமொத்து ஏற்ற தீர்வல்ல அது. மூடிய கோப்பைத்தான் 28 வயது இளைஞர் ஒருவர் மீண்டும் பிரித்துப் பார்த்தார்.

கோப்புக்குள் என்ன இருந்தது? உறுதிகள். 1844 முதல் 1864 வரையான இருபது வருடங்களில் தென்தீவின் நிலம் எட்டுப் பெரிய உறுதிகளின் மூலம் கைமாறியது. அவற்றில் ஆகப் பெரியது கெம்ப் உறுதி. 1848 ஜூன் 12இல் அக்கரோவாவில் எழுதப்பட்டது. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் 2 கோடி ஏக்கர், விலை 2,000 பவுண். நமது நாடு முழுவதையும் அளந்தாலும் சுமார் 1 கோடி 62 இலட்சம் ஏக்கர்தான் வரும். நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பென்னிக்கு 41 ஏக்கருக்கு மேல். இரண்டு வருடங்களுக்குள் அதே நிலத்தின் ஒரு பகுதியைக் கென்டர்பரிச் சங்கம் இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகளுக்கு ஏக்கர் 3 பவுணுக்கு விற்றது.

விலையைக் கேட்டதும் நமக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் விலையைவிட வேறொன்று முக்கியம் என்று எனக்கு விளங்கவைத்தவர், எங்கள் ஊரில் நொத்தாரிசு ஒருவரிடம் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்த என் நண்பர்தான். இந்தக் கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி எல்லையைப் பற்றியது. "சேர், உறுதிய எடுத்தா முதல்ல விலையப் பாக்கப்படாது. நாலு பக்கமும் ஆருட காணி எண்டு பாக்கணும். பொறகு, வித்தவன் எதையும் தனக்கெண்டு ஒதுக்கி வச்சிருக்கானா எண்டு பாக்கணும். சண்டையெல்லாம் அந்த ரெண்டிலதான் கிடக்கு."

கெம்ப் உறுதியின் சண்டையும் அந்த இரண்டில்தான் கிடந்தது.

ஒதுக்கி வைத்ததை முதலில் பார்ப்போம். உறுதி மாவோரி மொழியில் எழுதப்பட்டது. விற்பவர்கள் தாங்கள் குடியிருக்கும் இடங்களையும் தங்கள் 'மஹிஙா கை'யையும் தங்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று அதில் நிபந்தனை வைத்தார்கள். அவர்கள் மொழியில் 'கை' என்றால் உணவு. மஹிஙா கை என்பது உணவு தேடி உழைக்கும் இடம். விலாங்கு மீன் பிடிக்கும் ஆறு, வாவி. வெக்கா என்ற பறவையைப் பிடிக்கும் புல்வெளி. பன்னம் கிழங்கு தோண்டும் சரிவு. தீத்தீ என்ற கடற்பறவையின் குஞ்சுகளுக்காக வருடாவருடம் படகேறிப் போகும் தெற்குத் தீவுகள் எல்லாம் அதில் அடங்கும். பருவத்துக்குப் பருவம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்த்தான் அந்த மக்கள் சீவித்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த ஓடையில் எந்தக் காலத்தில் உரிமை என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது.

ஆங்கில மொழிபெயர்ப்பில் இது பயிர்ச்செய்கை நிலம் என்றாகிவிட்டது.

இந்த மொழிபெயர்ப்பின் அபத்தத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் புவியியல் வேண்டும். மாவோரிகளின் பிரதான தோட்டப் பயிர் குமரா எனப்படும் வற்றாளை. அது சூட்டு நாட்டுப் பயிர். தென்தீவில் பேங்ஸ் குடாநாட்டுக்குக் கீழே குளிரில் அது வளராது. கெம்ப் உறுதிக்குள் வரும் பிரதேசத்தின் பெரும்பகுதியில் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. உருளைக்கிழங்கு வெள்ளையர் கொண்டுவந்தது. ஆக, தோட்டத்தை மட்டும் உனக்கு விடுகிறேன் என்றால், உன் சாப்பாட்டில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் பொருள். 1868இல் சுதேசிகள் காணி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஃபென்டன் இந்தக் குறுகிய பொருளையே தீர்ப்பாக்கினார். தோட்டங்களும், விலாங்கு பிடிக்க ஆற்றில் நிலையாகக் கட்டிய அணைகளும் மட்டுமே மஹிஙா கை என்றார். பிறகு சதுப்பு நிலங்கள் வடிகட்டப்பட்டன, ஆறுகள் திசைதிருப்பப்பட்டன, வேலிகள் வந்தன.

குடியிருப்புக்கான ஒதுக்கீட்டின் கதி இன்னும் மோசம். அதை அளந்து பிரிக்க 1848இன் பிற்பகுதியில் வோல்டர் மென்டெல் என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். அவர் 637 பேரை எண்ணினார்; 6,359 ஏக்கர் ஒதுக்கினார். தலைக்குப் பத்து ஏக்கர். செம்மறி வளர்க்க வந்த ஒரு வெள்ளையர் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்த நாட்டில் இது. பாடசாலை கட்டித் தருவோம், வைத்தியசாலை கட்டித் தருவோம் என்றும் அந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்தார். அவை நிறைவேறாதபோது 1856இல் இலண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சரிடம் அதே மென்டெல் முறையிட்டதும் வரலாறு. அந்த மனிதரை முழுக் கெட்டவர் என்று எழுதிவிட முடியாமல் செய்வது இந்த ஒரு செயல்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வைட்டாங்கி உடன்படிக்கையின்படி மாவோரிகளிடம் காணி வாங்கும் உரிமை முடிக்கு மட்டுமே இருந்தது. கெம்ப் உறுதியோ நியூசிலாந்துக் கம்பனியின் முகவர் வில்லியம் வேக்ஃபீல்டின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அரசாங்கத்துக்கு வாங்கப் போனவர் கம்பனியின் பெயரில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்! என் கிளாக்கர் நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். அந்தப் பிழையைச் சீர்செய்யவும் 1868இல்தான் நீதிமன்றமும் சட்டமும் தேவைப்பட்டன.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். 1846 முதல் 1852 வரை இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் கிரே பிரபு. பயிரிடாத நிலமெல்லாம் வெறும் தரிசு, அது முடிக்குரியது என்ற கொள்கையில் அவர் உறுதியாக இருந்தார். 1846 டிசம்பரில் நியூசிலாந்துக்கு அவர் அனுப்பிய அறிவுறுத்தலில் அந்த எண்ணம் வெளிப்படையாக இருக்கிறது. நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணிக் கட்டளைச்சட்டம் சேனை நிலத்தையும் காட்டையும் பார்த்த கண்ணும் அதே கண்தான். மாத்தளையில் கலகம் நடந்த 1848இல், தேசாதிபதி டொரிங்டன் அறிக்கை அனுப்பியதும் அதே கிரே பிரபுவுக்குத்தான்.

எவிசனுக்குத் திரும்புவோம். ஆய்வேட்டுக்காக அவர் வாசித்தவை பெரும்பாலும் அரசாங்கத்தின் சொந்தக் கடதாசிகள். அலெக்ஸாண்டர் மெக்கே என்ற அதிகாரி தென்தீவு மாவோரி விவகாரங்கள் தொடர்பான உத்தியோகபூர்வ ஆவணங்களையெல்லாம் திரட்டி 1870களின் தொடக்கத்தில் அச்சிட்ட பெருந்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அரசாங்கம் தனக்காகச் சேர்த்த கடதாசி அரசாங்கத்துக்கு எதிராகவே பேசும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. பின்னாளில் மெக்கே ஆணையாளராகி 1891இல் விசாரித்தபோது, தென்தீவு மாவோரிகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் காணியே இல்லை, அல்லது சீவிக்கப் போதிய காணி இல்லை என்று அவரே எழுதவேண்டி வந்தது.

ஆனால் கண்டுபிடித்தவர் எவிசன் என்று சொல்லிவிடக் கூடாது. சில அறிமுகக் குறிப்புகளில் அப்படி ஒரு தோற்றம் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1849இலேயே, உறுதி எழுதி இரண்டு வருடம் முடிவதற்கு இடையில், மொயெராக்கியைச் சேர்ந்த மத்தியாஹா திராமொரெஹு என்ற தலைவர் துணைத் தேசாதிபதி எயருக்குக் கடிதம் எழுதினார்: ஒதுக்கிய நிலம் போதாது, சொன்ன சொல் காக்கப்படவில்லை என்று. அன்றிலிருந்து அந்த வழக்குக்கு அவர்கள் மத்தியில் ஒரு பெயரே உண்டு, தெ கெரேமெ. தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்குக் காணி வராத இடத்தில் வழக்கு முதுசமாக வந்தது. 1879இல் ஸ்மித்-நெயர்ன் ஆணைக்குழு உட்கார்ந்தபோது முதியவர்கள் வந்து, எந்த ஓடையில் என்ன பிடித்தோம், எந்த மலையடியில் தங்கினோம் என்று இடம் இடமாகச் சொல்லிப் பதிந்து வைத்தார்கள். அரசாங்கம் ஆணைக்குழுவுக்குப் பணத்தை நிறுத்தியது. 1881இல் வந்த அறிக்கை கிடப்பில் போனது. சாட்சியம் மட்டும் அழியவில்லை. பாராளுமன்றத்தில் தென் மாவோரி உறுப்பினராக இருந்த தையரோவா 1880இல் மஹிஙா கை இடங்களைத் தன் கைப்பட எழுதி வைத்த பட்டியல்களும் அழியவில்லை.

எவிசன் செய்தது என்னவென்றால், அந்த மனுக்களையும் முறைப்பாடுகளையும் 'சுதேசிகளின் புலம்பல்' என்று ஒதுக்காமல், தேசாதிபதியின் கடிதத்துக்குச் சமமான சாட்சியாகக் கணக்கில் எடுத்ததுதான். 1952இல் ஒரு வெள்ளைக்கார மாணவன் அப்படி எடுப்பது சாதாரணமல்ல.

ஆய்வேடு அச்சாகவில்லை. எவிசன் படிப்பித்துக்கொண்டிருந்தார். நம்மவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. பாடக்குறிப்பு, பரீட்சைத் தாள், கூட்டம், அதற்கிடையில் இரவில் ஒரு மணித்தியாலம். வருடங்கள் ஓடின. 1975இல் வைட்டாங்கி நியாயசபை அமைந்தது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டு, 1840 வரை பின்னோக்கிப் போய் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. அடுத்த வருடம் ஹெனாரெ ராக்கீஹியா தாவும் ஙாய் தாஹு நம்பிக்கைப் பொறுப்புச் சபையும் வழக்கைப் பதிந்தார்கள். இலக்கம் 27. அதே 1986இல் ஙாய் தாஹு காணி உரிமைகளையும் முடிக்குரிய மேய்ச்சல் குத்தகை நிலங்களையும் பற்றிய எவிசனின் நூல் வெளிவந்தது. ஆய்வேடு எழுதி 34 வருடங்கள்.

1987 ஓகஸ்ட்டில் துவாஹிவி என்ற ஊரின் மராயேயில், அதாவது அவர்கள் ஊர்கூடும் மன்றில், விசாரணை தொடங்கியது. ஙாய் தாஹு மக்கள் தங்கள் முறைப்பாட்டை ஒன்பது உயர்ந்த மரங்கள் என்று பிரித்தார்கள். எட்டு மரம் எட்டு உறுதிகளுக்கு; ஒன்பதாவது மஹிஙா கைக்கு. எவிசன் அவர்கள் தரப்பு வரலாற்றுச் சாட்சிகளில் ஒருவர். அவரோடு ஆன் பார்சன்சன், ஜிம் மெக்கலூன் போன்ற இளைய வரலாற்றாளர்களும் இருந்தார்கள். முடியின் தரப்பிலும் வரலாற்றாளர்கள் வந்தார்கள். நியாயசபைக்கு உதவ அலன் வார்ட் இருந்தார். வகுப்பில் படிப்பிப்பதுபோல அல்ல இது. வகுப்பில் ஒரு திகதியைப் பிழையாகச் சொன்னால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இங்கே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்தக் கோப்பு என்று காட்ட வேண்டும்.

எல்லாம் வென்றார்கள் என்றும் இல்லை. என் நண்பர் சொன்ன எல்லைச் சண்டையை இங்கே எடுக்கலாம். கெம்ப் உறுதியின் மேற்கு எல்லை எது? கிழக்குக் கரையிலிருந்து மலையடிவாரம் வரைதான் விற்றோம், நடுவிலுள்ள மலைநாடும் மேய்ச்சல் நிலமும் விற்பனையில் சேரவில்லை என்பது ஙாய் தாஹு மக்களின் பழைய நிலைப்பாடு. ஆங்கிலத்தில் இதற்கு 'நடுவில் ஓட்டை' என்று பட்டப்பெயர். 1877இல் தெ மைஹரோவா என்ற ஆன்மீகத் தலைவர் தம்மைப் பின்பற்றியவர்களோடு, குழந்தை குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, வைட்டாக்கி ஆற்றோரமாக உள்நாட்டில் ஒமராமாவுக்கு நடந்துபோய்க் குடியேறியது இதைச் சொல்லத்தான். 1879இல் பொலிஸ் வந்து அவர்களை எழுப்பியது. நூறு வருடம் கழித்து இந்த வாதம் மீண்டும் முன்வைக்கப்பட்டது, நியாயசபை ஏற்கவில்லை. விற்பனை மேற்குக் கரை வரை போனது என்றே முடிவெடுத்தது. இந்தத் தோல்வியை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஒரு தரப்புச் சாட்சியாக நிற்கும் வரலாற்றாளருக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு. தான் நிற்கும் தரப்பின் ஆசை எது, கடதாசி சொல்வது எது என்று பிரிப்பது கஷ்டம்.

ஆனால் மற்றப் பெரும் விடயங்களில், 1991இல் மூன்று தொகுதிகளாக வந்த அறிக்கை முடியைக் கடுமையாகக் கண்டித்தது. போதிய ஒதுக்கீடு செய்யாததும், மஹிஙா கையைப் பறித்ததும் உடன்படிக்கையைத் திரும்பத் திரும்ப மீறிய செயல்கள் என்றது. நீண்ட பேரத்துக்குப் பின் 1998இல் தீர்வுச் சட்டம் வந்தது. 17 கோடி நியூசிலாந்து டொலர் நட்டஈடு. சட்டத்துக்குள்ளேயே முடியின் மன்னிப்பு. இழந்ததன் பெறுமதியோடு ஒப்பிட்டால் தொகை சின்னதுதான், அதை அவர்களே சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு சிறிய ஏற்பாடு: ஆறுகளுக்கும் வாவிகளுக்கும் அருகே 72 இடங்களில், பருவகாலத்தில் வந்து கூடாரம் அடித்துத் தங்கி மீன் பிடிக்கும் உரிமை. ஃபென்டன் 1868இல் இல்லை என்ற விடயத்தில் ஒரு கீற்றாவது திரும்பி வந்திருக்கிறது.

எவிசனின் பெரிய புத்தகங்கள் எல்லாம் இந்தக் காலத்திலும் இதற்குப் பிறகும் வந்தவைதான். தென்தீவு மாவோரிகளின் வரலாறான 'தெ வாய் பௌனமு' 1993இல் வந்தது. 'நீண்ட தகராறு' என்று பொருள்படும் நூல் 1997இல் வந்து, மறுவருடம் மொன்டானா நூல் விருதுகளில் வரலாற்றுப் பிரிவின் பரிசைப் பெற்றது. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நடை வறண்டது என்று சொல்ல வேண்டும். அலங்காரம் கிடையாது, திகதி, பெயர், கடிதம், ஏக்கர், திரும்பவும் திகதி. சில அத்தியாயங்களில் எனக்கே தூக்கம் வந்தது. மாவோரிகளின் வாய்மொழி மரபும் பரம்பரை வழிப் பாடமும் அவர் எழுத்தில் பின்னால்தான் நிற்கின்றன. அந்தப் பக்கத்தை அவர்கள் மத்தியிலிருந்து வந்தவர்களே இப்போது எழுதுகிறார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

2014இல் எவிசன் காலமானார். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன், எண்பது வயதைக் கடந்தபின், 'ஙாய் தாஹு உறுதிகள்' என்ற நூலை வெளியிட்டார். பழைய உறுதிகளின் படங்களும் வரைபடங்களும் விளக்கங்களும் அதில் இருக்கின்றன. வாதம் செய்ய வேண்டிய தேவை முடிந்த பிறகு, யாரும் தாங்களே வாசித்துக்கொள்ளட்டும் என்று மூல ஆவணங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது எனக்கு.

அந்தப் புத்தகத்தை என் கிளாக்கர் நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாவோரி மொழி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறுதியின் படத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, ஒப்பங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி வரைபடத்துக்குப் போய், மேற்கு எல்லை எங்கே என்று தேடத் தொடங்கினார்.